நாலாம் பக்கத்தில் இருந்த திகதி

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தாய். என் மகன் பதினாறு வருடம் ஐஸ் ஹொக்கி ஆடினான். அவன் விங்கர், அதாவது கரையோரமாக ஓடி ஆடும் முன்வரிசைக்காரன். மூன்று பருவம் ஓ.எச்.எல் என்ற ஒன்ராறியோ இளையோர் லீக்கிலும், ஒன்றரைப் பருவம் அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஈ.சி.எச்.எல் என்ற கீழ்ப்படித் தொழில்முறை லீக்கிலும் ஆடினான். 2023 ஜனவரியோடு எல்லாம் முடிந்தது. கணவர் அமெரிக்கா போய்வரும் நெடுந்தூர ட்ரக் ஓட்டுநர். கிழமையில் ஐந்து நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் காலை ஐந்து மணிப் பயிற்சிக்குக் கொண்டுபோவதிலிருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது வரை எல்லாமே என் தலையில்தான் விழுந்தது. எங்கள் சொந்தக்காரரில் ஒருவருக்கும் இந்த விளையாட்டு தெரியாது. எதையாவது கேட்கப்போனால் "ஏன் உதுக்குக் காசைக் கொட்டுறியள், டியூஷனுக்கு விடுங்கோ" என்பார்கள். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். அந்த மௌனம்தான் எங்களுக்குக் கடைசியில் பெரிய நட்டமாக முடிந்தது. இப்போது நம்முடைய பிள்ளைகள் நிறையப் பேர் ரிங்கில், அதாவது ஐஸ் மைதானத்தில் நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுடைய அம்மா அப்பாவுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகன் தொடங்கியது 2007இல், ஏழு வயதில். இந்த நாட்டில் அது பிந்திய வயது. மற்றப் பிள்ளைகள் நாலு வயதிலேயே ஸ்கேட்ஸ் போட்டுப் பழகியிருந்தார்கள். முதல் வருடம் ஹவுஸ் லீக், அதாவது தொடக்கப் படி. பழைய சாமான் கடையில் ஹெல்மெட், கையுறை, தோள்கவசம், ஸ்கேட்ஸ் எல்லாம் சேர்த்து 180 டொலருக்கு வாங்கினேன். ஸ்கேட்ஸின் கத்தியைத் தீட்ட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று கிழமை பிள்ளை விழுந்து விழுந்து எழும்புகிறான், ஆட்டம் வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ஸ்கேட்ஸை வாங்கி, கத்தியின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது வெண்ணெய்கூட வெட்டாது" என்றார். அன்றே ஏழு டொலர் கொடுத்துத் தீட்டினோம். அடுத்த சனிக்கிழமை அவன் விழவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று கிழமை பிள்ளையைக் குறை நினைத்திருந்தேனே என்று.

ரொறன்ரோவில் ஜி.ரி.எச்.எல் என்ற சிறுவர் லீக்தான் பெரியது. உலகத்திலேயே பெரிய சிறுவர் ஹொக்கி அமைப்பு என்று அதைச் சொல்வார்கள். ஹவுஸ் லீக், செலக்ட், ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ என்று படி படியாக இருக்கும். என் மகன் பன்னிரண்டு வயதில் டிரிபிள் ஏக்கு எடுபட்டான். அந்த இரவு வீட்டில் பாற்சோறு பொங்கினேன். காசு எப்படிக் கரையப்போகிறது என்று அப்போது தெரியவில்லை. கிளப்புக்குக் கட்டும் பணம் ஒன்று. அது மட்டும்தான் செலவு என்று நம்பித்தான் எல்லாரும் கையெழுத்து வைக்கிறோம். அதற்கு மேல் வெளியூர்ப் போட்டிகள், ஹோட்டல், பெற்றோல், அணி உடுப்பு, தனிப்பயிற்சி, கோடைகாலக் கேம்ப் என்று வரும். எங்கள் காலத்தில் சொந்தப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கவும் வாசலில் டிக்கெட் எடுக்க வேண்டும். நான் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதி வந்தேன். பதினைந்து வயதுப் பருவத்தில் மட்டும் 17,400 டொலர். 2007இலிருந்து 2016 வரை மொத்தம் 81,000 டொலருக்கு மேல். வீட்டுக்கடனின் மேல் இன்னொரு கடன் எடுத்துத்தான் கடைசி இரண்டு வருடத்தைச் சமாளித்தோம். அது எங்களுக்கு இன்னும் முடியவில்லை.

இதில் தவிர்த்திருக்கக்கூடிய செலவுகள் இருந்தன. கையெழுத்து வைக்கும் முன்பே "இந்தப் பருவத்தில் எத்தனை வெளியூர்ப் போட்டி, கிளப் காசுக்குள் என்ன அடக்கம், என்ன அடங்காது" என்று ஈமெயிலில் கேளுங்கள். நல்ல மனேஜர் ஒரு நாளில் பதில் தருவார். பாதம் வளரும் வயதில் 900 டொலர் ஸ்கேட்ஸ் வேண்டாம். அளவாக இறுகிய பழைய ஸ்கேட்ஸ் போதும். ஸ்டிக் விடயத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மகனுடைய எடை அப்போது 90 இறாத்தல். கடைக்காரர் காட்டினார் என்று 289 டொலருக்கு 85 ஃப்ளெக்ஸ் ஸ்டிக் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ் என்பது ஸ்டிக் எவ்வளவு வளையும் என்பதற்கான எண். கூடினால் விறைப்பு. இறாத்தலில் பிள்ளையின் எடையில் பாதி என்பது ஒரு பொதுக்கணக்கு. அதன்படி அவனுக்கு 45 வேண்டியிருந்தது. ஒரு முழுப் பருவம் அவனால் அந்த ஸ்டிக்கை வளைக்கவே முடியவில்லை. கோல் அடிக்கும் பிள்ளைக்கு ஏன் அடி போகவில்லை என்று கோச் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ஒன்றும் தெரியாமல் அவனைத்தான் ஏசினேன்.

இனி விங்கர் என்ற இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளியிலிருந்து பார்க்கும்போது கோல் அடிப்பவன்தான் விங்கர் என்று நினைப்போம். பழைய காலத்துக் கோர்டி ஹோவிலிருந்து இந்தக் காலத்து ஓவெச்கின் வரை பெரிய கோல்காரர்கள் பலர் விங்கர்கள்தான். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி 895ஆவது கோலை அடித்து வெய்ன் கிரெட்ஸ்கியின் கோல் சாதனையை முறியடித்த ஓவெச்கின், வலப்பக்கமாக ஸ்டிக் பிடித்து இடப்பக்கத்தில் ஆடுபவர். என் மகனும் அப்படித்தான். வலக்கைக்காரன், பதினாலு வயதில் இடது விங்கில் போட்டார்கள். எதிரணிக் கோலுக்கு முன்னால் அது வசதி. பக் என்பது ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டு. வரும் பக்கை நிறுத்தாமலே நேராக அடிக்கலாம். ஆனால் சொந்தக் கோல் பக்கம் வந்தால் அதே இடம் தண்டனை. நம்முடைய டிஃபென்ஸ்காரர் பக்கை ரிங்கைச் சுற்றியிருக்கும் மதிலோடு சுழற்றி விடுவார். விங்கர் மதிலோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு அதை ஸ்டிக்கின் பின்பக்கத்தால் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரணியின் டிஃபென்ஸ்காரர் முழு வேகத்தில் அவன்மேல் வந்துகொண்டிருப்பார். பக் காலுக்குள் வந்து சேரும் அந்த அரைச் செக்கனில் திரும்பி, நம்முடைய பக்கத்தின் எல்லையான நீலக்கோட்டுக்கு வெளியே அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் ஒருவரும் கை தட்டமாட்டார்கள். தள்ளாவிட்டால் கோல் போகும். ஸ்கவுட்கள், அதாவது அணிகளுக்கு ஆள் தேடி வருபவர்கள், பார்ப்பது இதைத்தான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் கோல் கணக்கை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மகன் ஓ.எச்.எல்லுக்குப் போன பிறகுதான் ஓர் உதவிக் கோச் சொன்னார்: பக் வருவதற்கு முன் தோளுக்கு மேலாக இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிற விங்கருக்குத்தான் வேலை நீடிக்கும். உங்கள் பிள்ளை விங்கர் என்றால் பத்து வயதிலேயே இதைப் பழக்குங்கள். காசு செலவில்லாத பயிற்சி. அவனுடைய உடம்பையும் காக்கும்.

உடம்பு என்றதும் அந்த நவம்பர் மாதம் ஞாபகம் வருகிறது. 2013இல் ஹொக்கி கனடா பீவீ எனப்படும் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரருக்கு உடல் மோதலைத் தடை செய்தது. அதனால் என் மகனுக்கு மோதல் ஆட்டம் தொடங்கியது பதின்மூன்று வயதில். 2015 நவம்பரில், பதினைந்து வயதில், மதிலோரமாகப் பின்னாலிருந்து ஒருவன் இடித்தான். எழும்பினான், ஆட்டத்தை முடித்தான், காரில் ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான் வேலையால் வந்தபோது குசினியில் லைற் போடாமல் இருட்டில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏன் அப்பன் லைற் போடேல்ல?" என்று சுவிட்சில் கை வைத்தேன். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு "வேண்டாம் அம்மா" என்றான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அடுத்த கிழமை ஸ்கவுட்கள் வரும் போட்டி இருந்தது, அதனால் மறைத்திருக்கிறான். மூளை அதிர்ச்சி என்று வைத்தியர் சொன்னார். ஐந்து கிழமை ஆட்டமில்லை. நான் அழுததைவிட அவன் அழுதது அதிகம். இப்போது ஒன்ராறியோவில் 2018இல் வந்த ரோவன் சட்டம் இருக்கிறது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், வைத்தியர் சொல்லாமல் திருப்பி விடக்கூடாது. ஒவ்வொரு வருடமும் நாங்கள் அதற்கான தாளை வாசித்தோம் என்று ஒப்புதல் தர வேண்டும். தயவுசெய்து அதை உண்மையாகவே வாசியுங்கள். பிள்ளை லைற்றைத் தவிர்க்கிறானா, டெலிபோனைப் பார்க்காமல் இருக்கிறானா, சின்ன விடயத்துக்குக் கோபப்படுகிறானா என்று கவனியுங்கள். அவன் வாயால் சொல்லமாட்டான்.

அந்தக் குளிர்காலத்திலேயே இன்னொரு நட்டம். ஐந்து கிழமை ஆடாமல் இருந்ததால் பயந்துபோயிருந்தேன். அப்போது ஒருவர் வந்து தான் குடும்ப ஆலோசகர் என்றார். பிள்ளையின் வீடியோவை வெட்டி ஸ்கவுட்களுக்கு அனுப்புவதாகவும், அமெரிக்காவில் இரண்டு போட்டிக்கு இடம் எடுத்துத் தருவதாகவும் சொல்லி 3,500 டொலர் கேட்டார். கொடுத்தேன். ஒரு வீடியோ வந்தது, அதிலும் பாதி வேறு பிள்ளை. மற்றது ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: ஆக உயர்ந்த தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லின் ஆட்டக்காரர் சங்கத்தில் பதிந்த உண்மையான ஏஜென்ட்கள் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் முன்காசு வாங்குவதில்லை. அவன் ஒருநாள் சம்பள ஒப்பந்தம் போட்டால் அதில் ஒரு வீதம் எடுப்பதுதான் அவர்கள் வழக்கம். யாராவது முதலிலேயே காசு கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். நாங்கள் பயந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள்.

2016 ஏப்ரலில் ஓ.எச்.எல் தெரிவு நடந்தது, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும் நாள். இருபது அணிகள், பதினைந்து சுற்று. காலையிலிருந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தோம். கணவர் ஒஹையோவில் எங்கோ ட்ரக்கை நிறுத்திவிட்டு டெலிபோனில் இருந்தார். ஆறாவது சுற்று போனது, பத்தாவது போனது. மகன் எழும்பிப் போய் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டான். பதின்மூன்றாவது சுற்றில் பெயர் வந்தது. நான் கத்தின கத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார். அவ்வளவு சந்தோசத்திலும் ஒன்றை யோசிக்க மறந்தேன். அந்தக் காலத்தில் ஓ.எச்.எல்லில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக் கதவு மூடிவிடும். ஓ.எச்.எல் ஆட்டக்காரரைத் தொழில்முறை ஆட்டக்காரராகவே என்.சி.ஏ.ஏ என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு கணக்கெடுத்தது. ஆக, பதினாறு வயதுப் பிள்ளையின் படிப்பு வழியை நாங்கள் அந்த நாள்களில் தீர்மானித்துக்கொண்டிருந்தோம், அது தெரியாமலேயே. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024 நவம்பரில் என்.சி.ஏ.ஏ அந்த விதியை மாற்றியது, 2025 ஓகஸ்டிலிருந்து ஓ.எச்.எல்லில் ஆடிய பிள்ளைகளும் அங்கே போய் ஆடலாம். ஆகவே என் காலத்துப் பெற்றோர் யாராவது "ஓ.எச்.எல் போனால் அமெரிக்கா இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே நம்பாதீர்கள்.

தெரிவானது இடம் கிடைத்ததாகாது. முதல் வருடம் கேம்பில் வெட்டி அனுப்பினார்கள். ஒரு வருடம் அதற்குக் கீழ்ப்படியான ஜூனியர் ஏயில் ஆடினான். 2017 செப்ரெம்பரில்தான் அணியில் சேர்த்தார்கள். ரொறன்ரோவிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஓர் ஊர். ஒப்பந்தம் பதினொரு பக்கம். அரீனாவின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை, ஜன்னலுக்குக் கீழே ஐஸ் பூசும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் மரியாதையாகத்தான் விளக்கினார்கள். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், புத்தகச் செலவு என்றார்கள். நான் "மெத்தப் பெரிய உதவி" என்று மட்டும் நினைத்தேன். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தேன். நாலாம் பக்கத்தில் அந்தக் கல்வி உதவியை எந்தத் திகதிக்குள் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஓ.எச்.எல்லில் ஆடும் வயது முடிந்து 18 மாதம். அதை நான் வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குசினி இலாச்சிக்குள் பாஸ்போர்ட்டுகளோடு வைத்துப் பூட்டினேன்.

அந்தக் கல்வி உதவிதான் உண்மையில் பிள்ளையின் கூலி என்று இப்போது விளங்குகிறது. ஒரு பருவத்துக்கு 68 ஆட்டம். வியாழன் இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்பல், திங்கள் காலை பள்ளிக்கூடம். கையில் வரும் காசு செலவுக் காசு மட்டும்தான். 2018இல் ஒன்ராறியோ அரசு ஓ.எச்.எல் ஆட்டக்காரரை வேலைத்தரச் சட்டத்திலிருந்து விலக்கியது. அவர்கள் மாணவ விளையாட்டாளர்கள், குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே இல்லை. அப்படியிருக்க, அந்த மூன்று வருட உழைப்புக்கு எங்களிடம் இருந்த ஒரே பெறுமதி நாலாம் பக்கத்தில்தான் இருந்தது.

அந்த ஊரில் அவனை வைத்திருந்த குடும்பம் தங்கமான குடும்பம். ஓ.எச்.எல் பிள்ளைகள் ஊர்க்காரர் வீட்டில்தான் தங்குவார்கள், பில்லெற் என்பார்கள். அந்த அம்மா ஒருநாள் என்னை அழைத்து, "இவன் பருப்பு என்று ஒன்றைக் கேட்கிறான், எப்படிச் செய்வது?" என்று கேட்டார். வீடியோவில் நின்று சொல்லிக் கொடுத்தேன், தேங்காய்ப்பால் எப்போது விடுவது என்பது வரை. அவருக்கு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இன்றும் அட்டை அனுப்புகிறேன். ஆட்டத்தில்தான் அவனுக்குக் கஷ்டம். சிறுவர் லீக்கில் கோல் அடித்தவன் இங்கே நாலாவது வரிசை விங்கர். ஓர் ஆட்டத்தில் ஏழு, எட்டு நிமிடம்தான். நம்மவர் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது நாலு பேராக நின்று தடுக்கும் வேலை, அடித்த பக்கை உடம்பால் மறிக்கும் வேலை. முதல் வருடம் மனம் உடைந்து போனான். இரண்டாம் வருடம் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டான், அதனால்தான் நிலைத்தான். ஸ்காபரோவில் பிறந்த வெய்ன் சிமண்ட்ஸும் 2007 என்.எச்.எல் தெரிவில் 61ஆவது ஆளாகப் போனவர்தான். கோலுக்கு முன்னால் அடி வாங்கி நின்று ஆடும் விங்கராக ஆயிரம் என்.எச்.எல் ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். மகனுடைய அறையில் அவருடைய படம் இருந்தது. எந்த வேலை தந்தாலும் அதைத் தன் வேலையாக எடுக்கும் விங்கருக்குத்தான் அடுத்த வருடம் இடம் இருக்கும். இதைப் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வையுங்கள்.

2018 என்.எச்.எல் தெரிவில் 217 பேரை எடுத்தார்கள். அதில் அவன் இல்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் வீடு ஒரு கிழமை செத்த வீடு போல இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பருவம் பாதியில் நின்றது. அவனுக்கு இருபது வயது ஆகும் கடைசிப் பருவம், அதாவது ஒவ்வோர் அணியிலும் அந்த வயதில் மூன்று பேர் மட்டும் ஆடக்கூடிய அந்தக் கடைசி வருடம், 2020-21. அந்த வருடம் ஓ.எச்.எல் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. நிலவறையில் ஒரு பிளாஸ்டிக் தட்டுப் போட்டு அதன்மேல் நின்று பக் அடித்துக்கொண்டிருந்தான். இரவு பதினொரு மணிக்கும் டொக், டொக் என்று சத்தம் கேட்கும். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 இலையுதிர்காலத்தில் ஈ.சி.எச்.எல் அணி ஒன்று கேம்புக்கு அழைத்தது. என்.எச்.எல்லுக்குக் கீழே ஏ.எச்.எல், அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். 72 ஆட்டப் பருவம். தங்குமிடம் அணி தரும். சம்பளம் கிழமைக்கு 500 சொச்சம் அமெரிக்க டொலர், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். அதே வருடம் என்.எச்.எல்லில் ஆகக்குறைந்த வருடச் சம்பளம் 750,000 டொலர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் அவனுக்குச் சம்பளச் சீட்டு வந்த நாளில் அதைப் படம் எடுத்து அனுப்பினான். "அம்மா, நான் ஹொக்கியில் உழைச்ச காசு" என்று எழுதியிருந்தான். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2022 ஓகஸ்டில் வீட்டுக்கு வந்திருந்தான். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் செப்ரெம்பர் வகுப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரு பின்னேரம் குசினி மேசையில் இருந்து, "அம்மா, இன்னும் ஒரு சீசன் ஆடிப் பாக்கட்டே? படிப்பு எங்கேயும் ஓடாதுதானே" என்று கேட்டான். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "சரி ராசா, போ" என்றேன். அந்த ஒப்பந்தம் இருந்த இலாச்சி எனக்கும் அவனுக்கும் நடுவில், என் வலது முழங்காலுக்கு நேரே இருந்தது. திறந்து பார்த்திருந்தால் அந்த 18 மாதம் அந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது என்று தெரிந்திருக்கும். அந்த மேசையில் இருக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பின்னேரம் வந்து போகும்.

2023 ஜனவரியில் தோள்மூட்டு விலகியது, இரண்டாவது தடவை. சத்திரசிகிச்சை. ஆட்டம் முடிந்தது என்று வைத்தியர் சொல்லவில்லை, அவனே சொன்னான். பெப்ரவரியில் கல்வி உதவியைத் தொடங்கலாம் என்று அணிக்கு எழுதினோம். மரியாதையான இரண்டு வரிப் பதில் வந்தது: தொடங்க வேண்டிய திகதி கடந்துவிட்டது. கொரோனா, காயம் எல்லாம் எழுதித் திருப்பிக் கேட்டேன். அதே பதில். மூன்று வருடத்துக்குமாக 28,000 டொலருக்கு மேல். காசைவிட, அவன் பதினேழு வயதிலிருந்து உடம்பைக் கொடுத்து உழைத்ததை நான் இலாச்சிக்குள் வைத்துத் தொலைத்துவிட்டேன் என்பதுதான் தாங்க முடியவில்லை. மூன்று மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவருக்குக்கூட. வேலைக்குப் போகும்போது 401 நெடுஞ்சாலையில் காருக்குள் அழுவேன். ஒருநாள் மகனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நானும் வாசிக்கேல்லத்தானே அம்மா" என்றான்.

ஆகவே தாள் விடயத்தில் நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை அந்த அறையிலேயே கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு நாள் கேளுங்கள், தருவார்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவருக்குச் சில நூறு டொலர் கொடுத்து வாசிக்க வையுங்கள். 81,000 செலவழித்த நான் அந்தச் சில நூறைச் செலவழிக்கவில்லை. கல்வி உதவி எந்த நாளில் தொடங்க வேண்டும், எந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும், சம்பளத்துக்கு ஆடினால் என்ன ஆகும், காயத்தால் படிப்பு பிந்தினால் என்ன ஆகும் என்று நாலு கேள்வியையும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எங்கள் தாளில் 18 மாதம் என்று இருந்தது. உங்கள் தாளில் வேறாக இருக்கலாம், விதிகளும் மாறும். ஒவ்வொரு வருடமும் பருவம் முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். அத்தோடு, படிக்கப்போனால் ஆட்டம் முடிந்தது என்று பிள்ளை பயந்தால் ஜோயல் வார்டைப் பற்றிச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் பிறந்த விங்கர், பார்படோஸிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. ஓ.எச்.எல் ஆடினார், என்.எச்.எல் தெரிவில் ஒருவரும் எடுக்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்துக்கொண்டே ஆடினார். அதற்குப் பிறகு என்.எச்.எல்லில் 726 ஆட்டம். 2012இல் பொஸ்டனுக்கு எதிரான தொடரின் முடிவான ஏழாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வென்ற கோலும் அவருடையதுதான். இந்தக் கதையை 2022 ஓகஸ்டில் அந்த மேசையில் நான் மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது.

இப்போது அவன் மாணவர் கடன் எடுத்துப் படிக்கிறான். சனி, ஞாயிறு காலையில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பெடியனை மதிலோரமாக நிறுத்தி, பக்கைத் தராமலே, "தோளுக்கு மேலால பார், இன்னொருக்கால் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் அந்தப் பயிற்சியாளரின் அம்மா நான்தான் என்று தெரிந்து ஒரு தமிழ்த் தாய் வந்து கதைத்தார். மூத்தவன் இடது விங், இந்த வருடம் அணி ஒன்றில் ஒப்பந்தம் வந்திருக்கிறதாம், வெள்ளிக்கிழமை கையெழுத்து. என் கதையைச் சொன்னேன். அன்றிரவே அழைத்தார். "அக்கா, என்ரை தாளில அது ஏழாம் பக்கத்தில இருக்கு" என்றார். அந்த நாலு கேள்வியையும் இரண்டு பேரும் சேர்ந்து டெலிபோனிலேயே ஈமெயிலாக எழுதினோம். ஆறு நாளில் பதில் வந்தது, திகதியோடு. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.